மஞ்சள் பூச்செடியும் புதுவருசப் பொங்கலும்

கடல் கடந்து நாங்கள் குடியேறிய ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வேலிக்குப் பின்னால் ஒரு சதுப்பான பைன் காடு இருந்தது. வீடு வாங்கி வந்த புதிதில், பேச ஆளில்லாத நாட்களில், அங்கேதான் போய் நிற்பேன். ஈரத்துக்குள் ஸ்னீஸ்வீட் என்ற மஞ்சள் பூச்செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும். இதழ்களின் நுனியைக் கத்தரித்துவிட்ட மாதிரி இருக்கும். புது வீடுகள் கட்டக் காட்டை அழித்தபோது, ஒரேயொரு செடியை வேரோடு கிண்டி வந்து வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வளவு மூலையில் நட்டேன். அந்தக் காட்டில் மிச்சம் அது மட்டும்தான்.

பனிக்காலத்தில் தண்டு காய்ந்து குச்சியாகிவிடும். வேர் உயிரோடு கிடந்து, குளிர் விட்டதும் துளிர்க்கும். இதை என் அண்ணனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! தலையை மட்டும் ஆட்டுவார். பனி கிடையாத எங்கள் ஊரில் காய்ந்து நின்றால் பட்டுப்போச்சு என்று அர்த்தம். அவருக்கு அவ்வளவுதான்.

பக்கத்தில் மில்லிக்கனில் இருக்கும் அவர், சித்திரைப் புதுவருசத்துக்கு எங்கள் வளவில்தான் வந்து பொங்குவார். வருசம் பிறக்கமுன் வளவு துப்புரவாக இருக்கவேணும் என்பது அவருடைய சட்டம். இந்த முறை நான் குளித்துவிட்டு வெளியே வர, அடுப்பு மூட்டியாயிற்று. என் கணவரும் பிள்ளைகளும் பானையைச் சுற்றி நின்றார்கள். மூலை வெறுமையாகக் கிடந்தது.

"அதிலை நிண்ட செடி எங்கை அண்ணை?"

"உது பட்டுப்போச்சு பிள்ளை. நல்ல நாளிலை செத்ததை வளவுக்குள்ளை வைச்சிருக்கக் கூடாது. பிடுங்கி அடுப்புக்குள்ளை வைச்சிட்டன்."

ஐயோ! அடுப்படிக்கு ஓடினேன். குனிந்து பார்த்தேன். கற்களுக்கு நடுவே வேர்க்கட்டை கிடந்தது. அதில் நகமளவு பச்சைத் துளிர்கள் கருகிக்கொண்டிருந்தன.

அண்ணன் கண்ணைக் கசக்கியபடி ஊதினார். "உது பத்துதில்லை. சும்மா புகையுது."

"செத்ததெண்டால் பத்தாமல் ஏன் அண்ணை புகையுது?" என்று கத்தினேன். "உயிரோடை நிண்டதைப் பிடுங்கி எரிக்கிறியள்! என்னை ஒரு சொல்லுக் கேக்க உங்களுக்கு வாயில்லையோ?"

"நல்ல நாளிலை கத்தாதை பிள்ளை. ஒரு செடிக்கோ இவ்வளவு?"

ஓம், ஒரு செடிக்குத்தான். காட்டை அழித்தவனும் என்னைக் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. அவனாவது ஆரோ எவனோ.

நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் பால் பொங்கிவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். "கிழக்குப் பக்கம் பொங்கியிருக்கு, நல்ல வருசம்," என்றார் அண்ணன். வழிந்த பாலில் அடுப்பு அணைந்தது. வேரில் பச்சை ஒன்றும் மிஞ்சவில்லை.