ஸ்டூலுக்கு ஒரு பாலம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டப்பா மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் ரோசம்மாள் பதினொரு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள். வேலை பார்த்தாள் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அவள் காலைக் கேட்டால் நின்றாள் என்றுதான் சொல்லும். பெல்ட்டில் வரும் மூடிகளைப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது வேலை. அந்தக் கை வேகத்தைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாராம். திறப்பதற்குள் நாலு பெட்டி போய்விட்டது. நம்பாவிட்டால் கம்பெனி கேமராவைப் பாருங்கள். அவள் கை இருக்கவேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரியும்.

மூன்றாம் பெல்ட்டின் கோடியில் ஒரு வட்ட ஸ்டூல் உண்டு. அது லைன் லீடருக்கு மட்டும். மற்றவர்கள் எட்டு மணி நேரமும் நிற்கவேண்டியதுதான். பழைய லீடர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் ஸ்டூல் காலியாக இருந்தது. வீடு போய்ச் சேரும்போது பாதம் இரண்டும் பன் மாதிரி ஊதியிருக்கும் ரோசம்மாளுக்கு, அந்த ஸ்டூல்தான் கண்ணிலேயே நின்றது. வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கும் புருஷன் ஜோசப்புக்கும் அப்படித்தான்.

லீடரைத் தேர்ந்தெடுக்க ஹெச்.ஆர். காயத்ரி ஒரு போட்டி வைத்தாள். இரண்டு மேஜைக்கு நடுவே மூன்றடி இடைவெளி. பழைய அட்டை, டேப், கயிறு கொண்டு பதினைந்து நிமிஷத்தில் பாலம் கட்டவேண்டும். அதன்மேல் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும்.

"லீடர் வாயாலதான் சொல்லணும். பாலத்துக்கான எந்தப் பொருளையும் தொடக்கூடாது. ஒரு தடவை தொட்டா விசில். இன்னொரு தடவை தொட்டா டீம் அவுட்" என்றாள் காயத்ரி.

ரோசம்மாளுக்குக் கிடைத்தவர்கள் மூன்று பேர். டிப்ளமோ படித்த பூமிகா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரகு, லோடு கட்டும் சடையப்பன். எதிர் டீமுக்குத் தலைவன் முதல் பெல்ட் சரவணகுமார்.

மேனேஜர் பேசி முடிக்கவே பத்து மணி ஆயிற்று. விசில் ஊதியது. ரகு அட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்றான். பூமிகா குழாய் மாதிரி சுருட்டினால்தான் தாங்கும் என்றாள். இரண்டு பேரும் ரோசம்மாளைப் பார்த்தார்கள். ரோசம்மாள் டேப்பைப் பார்த்தாள். பூமிகா அதன் நுனியைத் தேடித் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க குடுடீ!" என்று ரோசம்மாள் டேப்பைப் பிடுங்கினாள்.

விசில்.

"யக்கா, கைய கட்டிக்கினு நில்லு! நீயே நம்மள காலி பண்ணிடுவ போலகீது" என்றான் ரகு.

ரோசம்மாள் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டாள். "பூமிகா சொல்றாப்லயே சுருட்டுங்க. ரகு, நீ சுருட்டி அமுக்கிப் பிடி. சடையப்பண்ணே, கயிறு உன்னுது. லாரி லோடுன்னு நெனச்சுக் கட்டு."

சடையப்பன் தலையை மட்டும் ஆட்டினார். குழாய்கள் சேர ஆரம்பித்தன.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு டீ சைரன் அலறியது. ஆபீஸ்காரர்களுக்கு டீ மேஜைக்கே வந்துவிடும். அதனால் காயத்ரிக்கு இந்தச் சைரனின் சக்தி தெரியாது. அது ஊதினால் பிணம்கூட எழுந்து டம்ளரைத் தேடும். இரண்டு டீமும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு கேண்டீனைப் பார்த்து நடந்தன. சரவணகுமாரே முதல் ஆளாக ஓடினான்.

"டைம் ஓடிக்கிட்டே இருக்கு!" என்று காயத்ரி கத்தினாள். யார் காதில் விழும்?

ரோசம்மாள் வாசலில் போய்க் குறுக்கே நின்றாள். "எங்க போறீங்க மூணு பேரும்?"

"இன்னாக்கா, லேட்டா போனா வட தீந்துடும்" என்றாள் பூமிகா.

"டீ வுட்டா எனக்கு மதியம் வரிக்கும் மண்டை இடிக்கும்மா" என்றார் சடையப்பன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க போய்க் கட்டுங்க. டீ நான் கொண்டாறேன். டீயத் தொடக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லலியே!"

அந்த வீங்கின காலோடு அவள் ஓடிய ஓட்டத்தில் கேண்டீன் ஈயெல்லாம் சோழவரம் வரைக்கும் பறந்துபோய் உட்கார்ந்ததாகக் கேள்வி. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்று டம்ளரும் நாலு வடையுமாகத் திரும்பிவிட்டாள். சடையப்பனுக்கு இரண்டு கையிலும் கயிறு.

"அண்ணே, வாயத் தொற."

"சுடுதும்மா!"

"ஊதி முழுங்கு. முடிச்ச வுட்றாத."

ரகுவின் வாயில் பாதி வடை. பூமிகா அண்ணாந்து ஒரு வாய் டீ குடிப்பதும் குனிந்து ஒரு சுற்று டேப் ஒட்டுவதுமாக இருந்தாள். கையைத் தூக்கித் தூக்கி ஊட்டியதில் ரோசம்மாளுக்கு டேப் ஞாபகமே வரவில்லை.

நேரம் முடிந்த விசிலுக்குப் பிறகுதான் சரவணகுமார் டீம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது. அவர்களுடைய பாலம் கேனைப் பார்த்ததுமே மடங்கிவிட்டது. ரோசம்மாள் டீமின் பாலத்தில் கேனை வைத்தார்கள். நாற்பதாவது நொடியில் ஒரு டேப் பிசுக்கென்று விட்டது. ரோசம்மாள் மிச்சமிருந்த வடையைக் கைக்குள்ளேயே பிசைந்து மாவாக்கினாள். கயிறு விடவில்லை. அறுபது!

"மேடம், இது போங்கு! அவங்க ஆளுங்களத் தொட்டாங்க" என்றான் சரவணகுமார்.

காயத்ரி விதிகள் எழுதிய தாளை இரண்டு தடவை படித்தாள். "பொருளைத்தான் தொடக்கூடாதுன்னு இருக்கு. வாயைப் பத்தி எதுவும் இல்லை, சரவணகுமார்" என்றாள் சிரிப்பை அடக்கமுடியாமல்.

திங்கட்கிழமை மூன்றாம் பெல்ட்டே வேலையை விட்டு வேடிக்கை பார்த்தது. ரோசம்மாள் ஸ்டூலைத் துணியால் துடைத்து, ஒரு தடவை தட்டிப் பார்த்து, மெல்ல உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள். காலி பெட்டி ஒன்றை இழுத்து இரண்டு காலையும் அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எப்டி கீதுக்கா?" என்றாள் பூமிகா.

ரோசம்மாள் கண்ணை மூடி யோசித்தாள்.

"இரு, சொல்றேன். இன்னும் ஒரு பத்து நிமிஷம் குந்திப் பாக்குறேன்."