எந்த வண்டியில் வந்து இறங்கினீர்கள்?

1. முதல் நாள் பாடம்

சட்டமன்றச் செயலகத்தில் நான் சேர்ந்த முதல் நாள், புதிதாக வந்த எங்களிடம் மேலதிகாரி ஒருவர் சொன்னார்: "நீங்க அரசாங்க இலாகா எதையும் சேர்ந்தவங்க இல்லை. சபையோட ஊழியர்கள். சபாநாயகருக்குத்தான் பதில் சொல்லணும்."

எங்களை வேலைக்கு எடுக்கத் தனி விதி, பட்ஜெட்டில் சபைக்கென்று தனி மானியக் கோரிக்கை. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற இடம் அரசாங்கத்திடமே கையேந்தக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சிவகாசிப் பக்கத்து ஆமத்தூரிலிருந்து பட்டணம் போன எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓட்டை எங்கே என்பது, ஜனங்களின் மனுக்களை விசாரிக்கும் எம்எல்ஏக்களின் மனுக்கள் குழுவோடு ஊர் ஊராகப் போன பிறகுதான் தெரிந்தது. ரயில் டிக்கெட், பேட்டா எல்லாம் எங்கள் கணக்கு. ஸ்டேஷனில் இறங்கியபின் கார்? அதற்கு எங்கள் பட்ஜெட்டில் 'ஹெட்', அதாவது செலவுத் தலைப்பு, கிடையாது. உள்ளூர் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது வழக்கம். அவர்களிடமும் ஜீப் பற்றாது. ஊரில் வசதியானவர்களுக்கு ஒரு போன் போட்டால் பளபளவென்று கார்கள் வந்து நிற்கும். யாருடையவை என்று ஒருவரும் கேட்டதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்?

2. சிவகாசியில் ஒரு காலி நாற்காலி

மனு கொடுத்தவர் பேச்சியம்மாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அதே ஆலையில் மருந்து கலக்கும்போது தீப்பிடித்துக் கணவர் கருகிப்போனார். லோடு வேனில் போட்டுக் கொண்டுபோகையில் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தப் பக்கம் நிரந்தரமாக ஓர் ஆம்புலன்ஸ் நிறுத்த வேண்டும் என்பதுதான் மனு. மனுவில் எழுதாத ஒன்றை என்னிடம் போனில் சொல்லியிருந்தார். விபத்து வெளியே தெரியக் கூடாதென்று கம்பெனியில் யாருக்கும் தகவல் சொல்லாமல் கணவரை வெகுநேரம் ஆலைக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். அதைக் குழுவின் முன்னால் நேரில் சொல்வதாக இருந்தார்.

அமர்வு சிவகாசியில். பேரைக் கூப்பிட்டோம், ஆள் இல்லை. ஒரு பெண் கேட் வரைக்கும் வந்து திரும்பிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அங்கே நின்றிருந்தார்.

"ஏன் தாயி, வந்துட்டுத் திரும்பிட்டீக?"

"எம்எல்ஏமாரு வந்து எறங்குனது எங்க மொதலாளி காரு சார். டிரைவரும் கம்பெனி ஆளு. எம் மக இன்னும் அங்கனதான் வேல பாக்குறா."

நான் முதல் நாள் பாடத்தை ஒப்பித்தேன். சபைக்குத் தனிப் பணம் உண்டு, தனி ஆட்கள் உண்டு, நாங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அம்புட்டும் தனியா வச்சிருக்கீக. ஒரு வண்டி மட்டும் இல்லையாக்கும்?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மனுதாரர் வராவிட்டால் மனுவை முடித்துவைப்பது எங்கள் நடைமுறை. குழுத் தலைவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அதிகம் பேசாத மனிதர். முகம் சுருங்கிப்போனது.

"முடிக்க வேண்டாம், தள்ளி வைங்க. அடுத்த தடவை நம்ம செலவுல கார் பிடிச்சு வருவோம்" என்றார்.

3. மறு அமர்வு

சொல்வது சுலபம். கார் வாடகைக்கு நான் எழுதிய கோப்பு செயலகத்துக்குள்ளேயே சுற்றியது. சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று எங்கள் நிதிப் பிரிவே கேட்டது. விளக்கம் எழுதினேன். இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் எழுதினேன். தீபாவளி ஆர்டருக்கு ஆலைகள் மும்முரமாக ஓடிய சீசனும் போயே போய்விட்டது. கடைசியில் சபாநாயகர் கையெழுத்தில்தான் அனுமதி வந்தது.

வாடகைக் கார்களில் மறுபடி சிவகாசி போனோம். பேச்சியம்மாள் வந்தார். ஒவ்வொரு டிரைவரிடமும் யார் வண்டி என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தார். போனில் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சபையின் ரிப்போர்ட்டர் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார்.

"போன தடவ நான் திரும்பிப் போனேம்லா, அதுக்குப் பெறகு எங்க தெருப் பிள்ள ஒருத்தி இதே மாதிரி கருகி, வேன்லயே செத்துப் போயிட்டா. மாலதின்னு பேரு. அவ பேரையும் எழுதிக்கோங்க."

ரிப்போர்ட்டர் எழுதினார்.

குழுவின் அறிக்கைக்குப் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. முதல் அமர்விலேயே பேச்சியம்மாளின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் செயலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சபை தனியானது என்று சட்டத்தில் எழுதியிருப்பதை ஜனங்கள் படித்துப் பார்ப்பதில்லை. எந்த வண்டியில் வந்து இறங்குகிறோம் என்றுதான் பார்க்கிறார்கள். சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று நாங்கள் கோப்பில் கேட்கத் தொடங்கியபோது மாலதி உயிரோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.