பீரோ மேல் இருந்த பிரிண்டர்

பிரிண்டரைத் தேர்ந்தெடுத்ததில் நான் தவறு செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விஷயத்தில் என்னை நானே தேற்றிக்கொள்ள இது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

அப்போது நான் துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. மனைவி அதிராம்பட்டினத்தில், அவளுடைய வீட்டில் இருந்தாள். எங்கள் ஊரில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில் போய் இருந்துவிட்டு வருவேன். அந்த இரண்டு மாதமும் வீடு என் இஷ்டப்படிதான் நடக்கும்.

அவள் வாட்டர் கலரில் படம் வரைவாள். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. பஸ்ஸில் தஞ்சாவூர் போய் வரும் வழியில் பார்த்த வயல்களை ஞாபகத்தில் வைத்திருந்து, வீட்டுக்கு வந்து நோட்டில் போடுவாள். நாற்றங்காலின் பச்சை வேறு, நடவு முடிந்த வயலின் பச்சை வேறு, கதிர் வாங்கும்போது வருகிற பச்சை வேறு. மூன்றையும் பிரித்துக் காட்டுவாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். அதை ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை.

தஞ்சாவூரில் பொங்கல், பெருநாள் வாழ்த்து அட்டைகள் விற்கிற கடை ஒன்று இருந்தது. துணி எடுக்கப் போனவள் அந்தக் கடைக்காரரிடம் தன் நோட்டைக் காட்டியிருக்கிறாள். அவர் நாலைந்து படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கெட்டித் தாளில் அடித்துக் கொடுத்தால் தன் கடையில் வைத்து விற்பதாகச் சொன்னாராம். அச்சகத்துக்குப் போனால் ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டும். வீட்டிலேயே அடித்தால் வேண்டிய மட்டும் அடித்துக்கொள்ளலாம் என்று யோசனையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஊரில் மற்றவர்களுடைய மனைவிமார், புருஷன் லீவில் வரும்போது கொண்டுவரச் சொல்லிப் பட்டியல் போடுவார்கள். இவள் அதுவரை எதையும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது, கலர் மாறாமல் அடிக்கிற ஒரு பிரிண்டர்.

நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவளுடைய நாற்றங்கால் படம் ஒன்று என் பெட்டியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். எழுத்து மட்டும் அடிக்கும் லேசர் மெஷின்கள் மலிவாகவும் வேகமாகவும் இருந்தன. கலர் மெஷின்களில் பலவற்றில் அந்தப் பச்சை பிளாஸ்டிக் வாளியின் பச்சையாக வந்தது. கடைசியில் ஒரு மலையாளி சேல்ஸ்மேன், ஆறு மை போடுகிற, மேலே ஸ்கேனர் வைத்த ஒன்றில் போட்டுக் காட்டினார். அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே சந்தேகம் வந்தது. படமும் அடிக்கலாம், பாஸ்போர்ட் காப்பியும் அடிக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த மெஷினைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு பக்கமாவது கலரில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மை உறைந்துவிடும்.

லீவில் வந்து மாட்டினோம். முதல் பக்கமாக அந்த நாற்றங்கால் படத்தையே அடித்தேன். தாள் மெதுவாக வெளியே வர வர, அவள் குனிந்து அதோடு கூடவே வந்தாள். மை காயட்டும் என்று ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் வெகுநேரம் நின்றாள். அந்த வாரத்தில் ஏழெட்டுப் படம் அடித்துப் பார்த்தாள்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, என் விசா காப்பி எடுக்கப் போனபோது மை அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படம் படமாக அடித்துத் தள்ளினால் அவசரத்துக்கு டாகுமெண்ட் எடுக்க மை எங்கே இருக்கும் என்று கத்தினேன். அதோடு நிற்கவில்லை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் எதை வைத்தாலும் துரு ஏறிவிடும். அதனால் வெளிநாட்டுச் சாமான் என்றால் அட்டையையும் பிளாஸ்டிக் உறையையும் தூக்கி எறியாமல், திரும்ப அதிலேயே கட்டி வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். நானும் பிரிண்டரைத் துடைத்து, வந்த தெர்மாகோலிலேயே இறக்கி, டேப் ஒட்டி, பீரோ மேல் ஏற்றினேன். "நான் வந்து போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்" என்றேன். அவள் சரி என்றாள்.

சேல்ஸ்மேன் சொன்னதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னால் அதையே சாக்காக வைத்து வாராவாரம் படம் அடிப்பாள், மை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாயாவது போரின் மேலேயே படுத்திருக்கும். நான் கடல் தாண்டிப் போயிருந்தேன்.

பெருநாளுக்கு முன்னால் போனில் கேட்டாள். அட்டைக் கடைக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தாராம், ஐம்பது அட்டை கிடைக்குமா என்று. "எடுக்கட்டுமாங்க?" என்றாள். நான் வந்து போட்டுத் தருகிறேன் என்றேன். பொங்கலுக்கு முன்னாலும் ஒருமுறை கேட்டாள். அதற்கும் அதே பதில்தான். அடுத்த பெருநாளுக்கு அவள் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து வந்து, டேப்பைக் கிழித்துப் பிரிண்டரை இறக்கினேன். துரு ஒரு பொட்டு இல்லை. பழைய நாற்றங்கால் படத்தைப் போட்டேன். மஞ்சள் மை அடியோடு வரவில்லை. பச்சை இருக்க வேண்டிய இடமெல்லாம் கோடு கோடாக நீலம். பட்டுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர் பார்ப்பவர் திறந்து பார்த்து, "ஹெட்டு அடைச்சிருச்சு பாய். ஓட விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். சரிசெய்வதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவளைத் திட்டினேன். இரண்டு வருஷத்தில் ஒருதடவையாவது எடுத்துப் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்க வந்து போடுறேன்னு சொன்னீங்க. நான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் என் கம்பெனிக்குக் கல்யாணச் சான்றிதழ் நகல் வேண்டும் என்று அவசரப்படுத்தினேனே, அதைக்கூட அவள் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில், நோன்போடு வெயிலில் நின்று எடுத்து அனுப்பியிருக்கிறாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அவள் விஷயத்தில் வெண்ணெய் இருந்த உறியை நான் எட்டாமல் கட்டியிருந்தேன். அது அவளுடைய வீடு, அவளுடைய பீரோ. மேலே இருந்தது அவள் கேட்டு வந்த மெஷின்.

அவளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் அட்டைக் கடைக்குப் போனேன். வாழ்த்து அட்டை தொங்கிய இடத்தில் செல்போன் உறைகள் தொங்கின. இப்போதெல்லாம் எல்லாரும் மெசேஜிலேயே வாழ்த்துச் சொல்லிவிடுகிறார்கள், அட்டை எடுப்பதை நிறுத்திவிட்டேன் என்றார் கடைக்காரர். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. போன வருஷமே கொண்டுவந்திருந்தால் நன்றாகப் போயிருக்கும் என்று வருத்தப்பட்டார். அவள் சிரித்து வைத்தாள். நான் செல்போன் உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துபாயை முடித்துக்கொண்டு நான் ஊரோடு வந்த பிறகு, வீட்டுக்கு ஒரு பிரிண்டர் தேவைப்பட்டது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன். எந்த விலையானாலும் அவள் கேட்பதுதான். ஆறு மை, கெட்டித் தாள், எல்லாம் மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். தஞ்சாவூர்க் கடையில் என்னைப் பார்த்து, என்ன சார் அடிப்பீங்க, படமா டாகுமெண்டா என்று கேட்டார்கள். அவங்களைக் கேளுங்க என்று இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"டாகுமெண்ட் மட்டும்தாங்க. கறுப்பு போதும்."

கடைக்காரர் கலரில் ஒன்று சலுகையில் வந்திருப்பதாகச் சொன்னார். அதை எடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"முன்னாடி வரைவேங்க. விட்டு எவ்வளவோ வருஷமாச்சு" என்று அவரிடம் சொன்னாள்.

அவள் எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.