மடுல்சீமையில் விழிக்காத ஈஸ்ட்

எழுபதுகளின் நடுவில், மாவுக்கும் சீனிக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், நான் இலங்கைத் தேயிலை மலைகளில் இருக்கும் மடுல்சீமைக்குப் போனேன். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. இரை தீர்ந்ததும் ஈஸ்ட் எப்படித் தூங்குகிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. இரை இருக்கும்வரை அதன் குரோமோசோம் இழைகள் தளர்ந்து கிடக்கும்; பட்டினி வந்தால் இறுகச் சுருண்டு, வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அது சாவு இல்லை, காத்திருப்பு. அங்கே ஒரு பேக்கரிக்காரர் ஈஸ்ட் ஊறிய புளிமாவை ஆறு மாதமாகக் காயவைத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மாதிரி எடுக்கக் கிளம்பினேன்.

பதுளையில் காலை ஆறரைக்கு பஸ். பசறை பன்னிரண்டு மைல்தான், ஆனால் வளைவுகளில் பஸ் ஊர்ந்துதான் ஏறியது. அங்கிருந்து ஏறிய பஸ் வழியில் படுத்துவிட, கடைசி மூன்று மைல் மழையில் நடை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பல லயங்களில் அடுப்புப் புகையே இல்லை. சனம் பட்டினி கிடக்க, நான் ஈஸ்டின் பட்டினியைப் படிக்கப் போகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

பேக்கரிக்காரர் அந்தோணி அண்ணன் புளிமாவு இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார்.

"திங்கக்கிழமை மாவு வருதுன்னு சொல்றாங்க தம்பி. கடை ஈஸ்ட் எங்கயும் இல்ல. இதுக்கு உசுரு இருந்தா போறணை அடுப்ப மூட்டி, பாண் ரொட்டி சுட்டுருவேன். இல்லன்னா கடைய விட்டுட்டு, இந்தியாவுக்கே திரும்பிப் போறோம்னு எழுதிக் குடுக்க வேண்டியதுதான்."

அந்த மாவில் கொஞ்சம் கரைத்து, சொட்டு நீலச் சாயம் விட்டு, கொண்டுபோன நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். செத்த செல் நீலமாகும். தேடித் தேடிப் பார்த்தும் எல்லாமே நீலம்.

"எப்படி வச்சிருந்தீங்கண்ணே?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும், கூப்பன் சீனியில அரைக் கரண்டி கரைச்சு, டின்னு முழுசும் தெளிப்பேன். நுரைச்சா சந்தோசம். மறுபடி அடுப்போரம் காயவச்சிருவேன். பிள்ளைங்களுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணிதான். இப்ப ரெண்டு மாசமா நுரைக்கல."

எனக்கு விளங்கிவிட்டது. ஞாயிறுதோறும் இனிப்பு கண்டு, சுருண்ட இழைகள் அவிழ்ந்து ஈஸ்ட் விழித்திருக்கிறது. மறுபடி சுருள்வதற்குள் காய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்துவிட்டார். "அப்ப நான் போட்ட சீனிதான் கொன்னுச்சா?"

"இல்லண்ணே. மலைப்பனி." பொய்தான் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "உசுரு இருக்கான்னு பாக்காம எப்படிங்க இருக்கிறது?" என்று மட்டும் கேட்டு, டின்னை மூடினார்.

மடுல்சீமை போகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தைப் பசறையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். காலில் ஏறும் அட்டைக்கு உப்பு எடுத்துப்போங்கள். காய்ந்த ஈஸ்டை மாவு கைக்கு வரும்வரை நனைக்காதீர்கள். இந்த ஒரு வார்த்தையை யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தத் திங்கட்கிழமை அந்தோணி அண்ணன் பாண் சுட்டிருப்பார்.