அமாவாசைச் சோறும் ஆலா முட்டைகளும்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செம்பூரில் ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்து, குர்லாவில் மாறி, தாதரில் சோலாப்பூர் பக்கம் போகும் ரயிலில் ஏறினோம், நானும் என் கணவரும். நாங்கள் ஊருக்குப் போகும் ரயிலும் இந்த வழிதான். புனே தாண்டினால், மரமே இல்லாத வறண்ட நிலத்தின் நடுவே பெரிய நீர்ப்பரப்பு ஒன்று தெரியும். அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். தாராவியில் இருக்கும் கடையை இரண்டு நாள் பூட்ட அவருக்கு இந்த ஏப்ரலில்தான் மனசு வந்தது. அதுவும் பாருங்கள், மறுநாள் அமாவாசை.

மதியம் பிக்வணில் இறங்கினோம். புனேயிலிருந்து நூறு கிலோமீட்டர். நீர்க்கரையில் இருக்கும் கும்பார்காவ் கிராமத்துக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். படகுக்காரர் நாம்தேவ் வீட்டிலேயே தங்கல், சோளரொட்டி.

இது மழை குறைந்த சீமை. எங்கோ மலையில் பெய்த மழையை அணை பிடித்து வைத்திருக்கிறது. கோடையில் தண்ணீர் வடிய வடிய மண்திட்டுகள் தலைகாட்டும். அந்தக் கொஞ்ச நாளில்தான் ஆற்று ஆலா என்னும் பறவைகள் அவற்றில் முட்டையிடும். கூடு என்று எதுவும் கிடையாது, மணலில் ஒரு குழி, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் படகு, வாடகை ஆயிரம் ரூபாய். மும்பையில் செவ்ரிக் கடலோரச் சேற்றில் தொலைவில் ரோஜா நிறப் புள்ளிகளாக மட்டுமே நான் பார்த்திருந்த பூநாரைகள் இங்கே காலும் அலகும் தெரிய மேய்ந்துகொண்டிருந்தன. கரண்டிவாயன், நீர்க்காகம், சங்குவளை நாரை.

பதினோரு மணிக்கு ஆலாக்களின் திட்டை ஒட்டிப் படகு நின்றது. "உதர்னா மத்", இறங்காதீர்கள் என்று கையமர்த்தினார் நாம்தேவ். நாங்கள் இறங்கவில்லை. மண்ணோடு மண்ணாகக் கிடந்த புள்ளி முட்டைகளைப் படகிலிருந்தே பார்த்தோம். பிறகு, முட்டைகள் இல்லாத எதிர்த்திட்டில் சாப்பிட இறக்கிவிட்டார்.

போன வருடம் மாமனார் காலமானதிலிருந்து, அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்காமல் என் கணவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நாம்தேவ் வீட்டில் வடித்து எடுத்து வந்திருந்த சோற்றை டிபன் மூடியில் வைத்தார்.

"இங்க காக்காவே இல்லியே. கரைக்குப் போய் வைக்கலாமே" என்றேன்.

"நேரமாயிட்டுல்லா. கூப்பிட்டா வருவாவ" என்று சொல்லிவிட்டு, கா, கா என்று கூப்பிட ஆரம்பித்தார். நாம்தேவ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர்ப்பக்கமிருந்து முதலில் ஒன்று வந்தது. அப்புறம் ஒரு கூட்டம்.

"எப்பா வந்துட்டாவ, பாத்தியா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சோறு தீர்ந்தது. காக்கைகள் திரும்பிப் போகவில்லை. முட்டைகள் கிடந்த திட்டுக்குத் தாவின. ஆலாக்கள் கத்திக்கொண்டு மேலே எழும்பி, திரும்பத் திரும்பப் பாய்ந்து கொத்தின. நான் கைதட்டிக் கத்தினேன், நாம்தேவ் துடுப்பை வீசினார். படகை அந்தப் பக்கம் தள்ளுவதற்குள் முக்கால்வாசி குழிகள் வெறுமையாகிவிட்டன. அலகில் முட்டையோடு ஒரு காக்கை எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து போனது. என் கணவர் கையில் மண்ணாங்கட்டி இருந்தது. அவர் எறியவில்லை.

கரைக்கு வரும்போது நாம்தேவ் இந்தியில் சொன்னார்: "எங்க வீட்டிலயும் செத்தவங்களுக்குக் காக்காய்க்குத்தான் வைப்போம். அதான் தடுக்க வாய் வரல. சோறு கிடைச்ச இடம், நாளைக்கும் வரும்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்பினோம். லோனாவாலா தாண்டியதும் அவர், "மிச்ச முட்டையாது பொரிச்சிருமா?" என்று கேட்டார்.

"பொரிச்சிரும்" என்றேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பதினைந்து வருடம் ஆசைப்பட்டு, ரயில் ஜன்னலோடு நிறுத்தியிருக்க வேண்டிய இடத்துக்குப் போய் இறங்கிவிட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த அமாவாசைக்குச் செம்பூர் வீட்டு ஜன்னலில் சோறு வைத்தார். கா, கா என்று கூப்பிடவில்லை. காக்கை தானாகவே வந்தது. எப்பா என்றும் சொல்லவில்லை. அது தின்று முடித்து எந்தப் பக்கம் போகிறது என்று, ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தபடி நின்றார்.