எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்

சபையில கூட உக்கார்ற அக்கா தங்கச்சிமாரே, நான் சாவு கேட்டு ஜெபம் பண்ணவ. அதை மறைச்சு வச்சு சாட்சி சொல்ல எனக்கு வராது.

தங்கவயல்ல பிறந்து, கல்யாணமாகி பெங்களூர் அடுகோடிக்கு வந்தவ நான். பொம்மசந்திராவுல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்சதிலிருந்து நெஞ்சு அடைப்பு, வயிறு எரிச்சல், தலை பாரம். சோறு மண்ணு மாதிரி இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். ஐயோ, இன்னொரு நாளான்னு இருக்கும். என் பொண்ணு ஸ்கூல் கதை சொல்லுவா, ஒண்ணும் மனசுல ஏறாது. பெத்த பிள்ளை மேலயே பாசம் வரலையேன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்.

வயித்துல கேஸ்னு ஒரு டாக்டர் மாத்திரை குடுத்தார். இன்னொருத்தர் ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார். எல்லாமே நார்மல். எங்க வீட்டுக்காரர் சந்தோஷத்துல சபையில ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் மட்டும், ஆண்டவரே, ஒரு கேன்சராவது இருந்திருக்கக் கூடாதான்னு கேட்டேன். ரிப்போர்ட் நார்மல்னா அப்ப நான்தானே கெட்டவ? விசுவாசம் இல்லாதவ? அன்னையிலிருந்து என் ஜெபம் ஒண்ணே ஒண்ணுதான். என்னை எடுத்துக்கோப்பா. நான் இல்லாம என் பொண்ணு நல்லா இருப்பான்னு நிஜமாவே நம்பினேன்.

மறுபடியும் நெஞ்சு வலின்னு வீட்டுக்காரர் வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு கன்னட டாக்டரம்மா, என்னைவிடச் சின்ன வயசு. ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு, தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதான்னு கேட்டாங்க. அப்புறம் இவரை வெளியே இருக்கச் சொல்லிட்டு, "சாய்பேக்கு அன்சுத்தாம்மா?"ன்னாங்க. செத்துப்போகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேக்கல. ஆமான்னு சொன்னேன். சொல்லிட்டு ஓன்னு அழுதேன்.

இது டிப்ரெஷன், இதுவும் வியாதிதான், மருந்து இருக்குன்னாங்க. இவரை உள்ள கூப்பிட்டு, கொஞ்ச நாள் தனியா விடாதீங்கன்னு சொன்னாங்க.

மாத்திரை உடனே கேக்கல. வாரக்கணக்கா அதே இருட்டுதான். மாத்திரை போட்டா விசுவாசம் எங்கேன்னு சிலர் கேட்டாங்க, சுகர் மாத்திரையை முழுங்கிக்கிட்டே! ஒரு சாயங்காலம் பொண்ணு என்னமோ சொல்ல, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அம்மா, நீயா சிரிச்ச?"ன்னு பயந்தே போயிட்டா.

இன்னும் மாத்திரை சாப்பிடறேன். சில நாள் காலையில இன்னும் மனசு கனக்குது. நான் கேட்டதை ஆண்டவர் குடுக்கல. குடுக்காததுக்கு அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். உங்கள்ல யாராவது ரகசியமா அதையே கேட்டுக்கிட்டு இருந்தா, அவர்கிட்ட சொன்னதை டாக்டர்கிட்டயும் அப்படியே சொல்லிடுங்க, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். நான் சொன்னதாலதான், இன்னைக்குக் காலையில என் பொண்ணுக்குத் தலை வாரி விட நான் இருந்தேன்.