தட்டில் விரிந்த வட்டம்

மண்ணெண்ணெயும் தாரும் கலந்த மாதிரி ஒரு வாடை... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கிள்ளான் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. கொசுப்புழு சாக வேண்டும் என்று லோங்காங் என்கிற சாக்கடையிலும் சதுப்பிலும் எண்ணெய் தெளித்துக்கொண்டே போவார்கள். தேங்கிய தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கும்.

அந்த எண்ணெய் தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் விரிகிறது என்று அளப்பதுதான் என் முதல் வேலை. கோலாலம்பூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். பெயர் வேண்டாமே.

அகலமான எனாமல் தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் மேல் முகப்பவுடர் போல ஒரு தூளை மெல்லியதாகத் தூவ வேண்டும். கண்ணாடிக் குச்சியால் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால், தூள் எல்லாப் பக்கமும் விலகி ஓடும். நடுவே ஒரு வட்டம் திறக்கும்... கோணலே இல்லாத வட்டம். அது எவ்வளவு பெரிதோ, அந்த எண்ணெய் அவ்வளவு நல்லது. குறுக்களவை அளந்து எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்ல வேண்டும்.

எனக்குப் பயந்த சுபாவம். தட்டைச் சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பேன். வெந்நீரில் அலசுவேன். பிறகு சந்தேகம் வந்து இன்னொரு தடவை அலசுவேன். அப்படியும் சில நாட்களில் வட்டம் விரியாது. நேற்று தட்டின் ஓரம் வரை ஓடிய அதே எண்ணெய், இன்று நடுவிலேயே சுருங்கி நிற்கும்.

எங்களுக்கு மேல் உத்தியோகத்தில் சிற்றம்பலம் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ அளக்காமலே அளந்தனெண்டு சொல்லுறாய் எண்டு துரை நினைக்கிறார். இப்பிடியே போனா உன்னை நிரந்தரமாக்க மாட்டார்."

கனகம் அப்போதுதான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். வேலை போனால் அவளை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது? எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை துரையே வந்து என் பின்னால் நின்றார். சிற்றம்பலமும் மற்றவர்களும் பக்கத்தில் கூடிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றினேன். தூள் தூவினேன். தூள் சமமாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தட்டில் விழுந்தது.

அவ்வளவுதான். தூள் சிதறி ஓடியது. ஓரம் வரை வட்டம்! எண்ணெய்க் குச்சி இன்னும் என் கையிலேயே இருந்தது.

துரை என் தலையைப் பார்த்தார். "என்ன தடவுகிறாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

சிற்றம்பலம்தான் முந்திக்கொண்டார். "தம்பியின்ர தலையில எண்ணெய்க் கிணறு ஒண்டு கிடக்கு, சேர்! இனிக் கப்பல்ல எண்ணெய் எடுப்பிக்கத் தேவையில்லை."

அறையே சிரித்தது. துரையும் சிரித்தார்.

புதனும் சனியும் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல். கனகம்தான் என் தலையில் தேய்த்துவிடுவாள். அரப்புப் போட்டாலும் நல்லெண்ணெய் முழுக்கப் போகாது. என் விரலிலிருந்தும் நெற்றியிலிருந்தும் அது தட்டுக்குப் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏடாகத் தண்ணீர் முழுவதும் படர்ந்துவிட்டால், பிறகு வைக்கிற சொட்டு விரிய இடம் ஏது?

துரைக்குக் கோபமே இல்லை. பிழை எங்கே என்று தெரிந்த சந்தோஷம்தான். என்னைச் சீக்கிரமே நிரந்தரமாக்கினார். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு மட்டுமே காதில் நின்றது.

அடுத்த புதன் காலை. கனகம் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"இனிமே வேண்டாம்."

"ஏங்க? சூடா இருக்கா?"

"ஆபீசுக்கு ஆகாதாம்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாறுதுன்னு வெள்ளைக்காரன் சொன்னானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்... அறையே என் தலையைப் பார்த்துச் சிரித்ததையும். நான் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கனகம் என்னோடு வெளியே புறப்பட்டால் தன் தலைக்குச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பாள். கிள்ளானுக்கு ரயிலில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள். கோயிலில் கடைசி வரிசையில் நிற்பாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

ரிட்டையர் ஆன பிறகு ஒரு நாள் அவளாகவே கேட்டாள். "அந்தக் காலத்துல ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை பார்த்தீங்க?"

தட்டில் தண்ணீர் ஊற்றினேன். அவளுடைய பவுடர் டின்னை எடுத்துத் தூவினேன். அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய் ஒரு சொட்டு.

வட்டம் விரிந்ததும், "அட!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத் தைரியம் வந்து, அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிட்டேன்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... நாறலையா?"

"இல்ல, கனகம்."

தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

இப்போது கொசுவுக்குப் புகைதான் அடிக்கிறார்கள். லோங்காங்கில் மயில் கழுத்து நிறம் கிடையாது. பங்சார் பக்கத்துப் பெரிய கடைகளில் அதே நல்லெண்ணெயை அழகான பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்கள்கூட வாங்கிப் போவதைப் பார்த்தேன். நானும் ஒன்று வாங்கி வந்தேன்.

கனகம் இல்லாத இந்தச் சனிக்கிழமைகளில் நானே தடவிக்கொள்கிறேன். தோள் பிடித்துக்கொண்டுவிட்டது... உச்சி வரை கை எட்டுவதில்லை.